ஆவணியில் ஆரம்பித்து ஐப்பசிக்கு முன் முடிக்க வேண்டிய வேலை: வீடு முழுக்க ஃப்ளூ ஊசி

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். தண்டையார்பேட்டையில் ஒரே வீட்டில் ஏழு பேர். மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது, வீஸிங் உண்டு, இன்ஹேலர் இல்லாமல் மாடி ஏற முடியாது. மாமியாருக்குச் சுகர். பிள்ளைகள் இருவர், ஒன்றுக்கு 3 வயது, இன்னொன்றுக்கு 7 வயது. நாத்தனார் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருக்கிறார். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. போன மழைக்காலத்தில் சின்னவனில் ஆரம்பித்து ஒவ்வொருவராகப் படுத்து, கடைசியில் மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. இந்த வருடம் எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி போடலாமா, எப்போது போடுவது, பணம் பத்தாவிட்டால் யாருக்கு முதலில் என்று கேட்கிறீர்கள். "நல்லா இருக்கிற ஆளுக்கு எதுக்கு ஊசி" என்கிறாராம் கணவர். "போன தடவை ஊசி போட்டதாலதான் ஜுரமே வந்துச்சு" என்கிறாராம் மாமியார்.

வடசென்னையில் ஒரு குழந்தைகள் கிளினிக்கின் ஊசி அறையில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். போடலாமா என்பதற்குப் பதில், போடுங்கள். உங்கள் வீட்டில் இருக்கிற ஆட்களைப் பார்த்தால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது தேதியைப் பற்றித்தான்.

இணையத்தில் தேடினால் "அக்டோபர் கடைசிக்குள் போட்டுக்கொள்ளுங்கள்" என்றுதான் வரும். அது டிசம்பர், ஜனவரியில் குளிர் உச்சத்துக்குப் போகிற அமெரிக்கா, ஐரோப்பாவுக்கு எழுதியது. நம் நாட்டுக்குள்ளேயே ஃப்ளூ எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பல ஊர்களில் நோயாளிகளின் மூக்கு, தொண்டை மாதிரிகளை எடுத்து வருடக்கணக்கில் பார்த்த ஒரு இந்திய ஆய்வு 2015ல் வெளியானது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை, டெல்லி, புனே, கொல்கத்தாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை, சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில் உச்சம் என்று அதில் தெரிந்தது. அதாவது மழை எப்போதோ, ஃப்ளூவும் அப்போது. நமக்கு வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். ஐப்பசி அடைமழை என்று சொல்கிறோமே, அதே நாட்கள்தான். ஊசி போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்பு சக்தி உருவாகச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அப்படியென்றால் கடைசி ஆளுக்கான ஊசி செப்டம்பர் முடிவதற்குள் உள்ளே போயிருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு இன்னும் முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் கிளினிக்குக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டு திகைக்கிறார்கள். 6 மாதம் முதல் 8 வயது முடியும் வரை உள்ள குழந்தைக்கு முதல் தடவை ஃப்ளூ ஊசி போடும்போது ஒரு ஊசி போதாது. குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு போட வேண்டும். அந்த உடம்பு இந்த வைரஸை முன்பின் பார்க்காதது. முதல் ஊசி அறிமுகம் செய்துவைக்கும், இரண்டாவதில்தான் எதிர்ப்பு சக்தி சரியாக ஏறும். அடுத்த வருடத்திலிருந்து ஒன்று போதும். உங்கள் பிள்ளைகள் இருவருமே இந்தக் கணக்கில் வருகிறார்கள். ஆகவே ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும், சுதந்திர தின விடுமுறையை ஒட்டி, இருவருக்கும் முதல் ஊசி. புரட்டாசி பிறக்கும் சமயத்தில் இரண்டாவது. இரண்டாவது வேறு கம்பெனி மருந்தாக அமைந்துவிட்டாலும் பரவாயில்லை. காலாண்டுத் தேர்வு நேரத்தில் மாட்டிக்கொள்ளும், அதனால் தேர்வுக்கு முந்தின சனிக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். "தீபாவளி போனஸ் வரட்டும், எல்லாருக்கும் ஒண்ணா போட்டுக்கலாம்" என்பது நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு. போனஸ் கைக்கு வரும்போது மழையும் வந்திருக்கும், கூடவே இருமலும். அதுவரை போடாமல் விட்டவர்கள் அப்போதும் போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் வீணில்லை. பிப்ரவரி, மார்ச்சிலும் ஒரு சின்ன அலை வருவதுண்டு. 2023 மார்ச்சில் எச்3என்2 என்கிற ஃப்ளூ வகை நாடு முழுக்க ஆட்டிவைத்தது நினைவிருக்கும். ஆனால் திட்டம் போடுகிறவர்கள் ஐப்பசிக்கு முன்னால் என்றே போட வேண்டும்.

நாத்தனார் ஆவணி வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போட்டுக்கொள்ளட்டும். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் இந்த ஊசி போடலாம். செயலிழந்த வைரஸின் துண்டுகள்தான் உள்ளே இருக்கின்றன, தாய்க்கும் பிள்ளைக்கும் அதிலிருந்து ஃப்ளூ வர வழியில்லை. கர்ப்பிணிக்கு ஃப்ளூ வந்தால் நுரையீரல் வரைக்கும் போய் மோசமாகிற வாய்ப்பு மற்றப் பெண்களைவிட அதிகம். பிறக்கப்போகும் குழந்தையின் கணக்கு தனி. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசியே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில், வீடு நிறைய ஆட்கள் இருமிக்கொண்டிருக்கும்போது, பச்சைக் குழந்தைக்கு இருக்கும் முக்கியமான பாதுகாப்பு தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வருவதுதான். பிரசவத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது போட்டிருந்தால்தான் அது போய்ச்சேர நேரம் கிடைக்கும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் காட்டுகிறாரோ தனியாரிடம் காட்டுகிறாரோ, அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்குப் போடுகிற டிடி ஊசி வேறு. அதைப் போட்டாயிற்று என்று இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இதே குழப்பம் பிள்ளைகளின் அட்டையிலும் வரும். ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா என்று ஒரு பெயர் இருக்கும். அது ஒரு பாக்டீரியா, ஃப்ளூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாநகராட்சி சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடும் இலவச ஊசிகளின் பட்டியலில் ஃப்ளூ ஊசி இல்லை. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது இன்னும் சேரவில்லை. குழந்தை மருத்துவர்களின் சங்கம் 6 மாதம் முதல் 5 வயது வரை வருடாவருடம் போடச் சொல்கிறது, ஆனால் செலவு நம் கையிலிருந்துதான்.

சரி, செலவுக்கு வருவோம். ஒரு ஊசி பெரும்பாலும் 1,500லிருந்து 2,500 ரூபாய்க்குள் இருக்கும், கிளினிக் கட்டணம் தனி. ஏழு பேர், பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு, ஆக முதல் வருடம் 9 ஊசி. சராசரியாக 2,000 என்று வைத்தாலும் 18,000 ஆகிவிடும். ஷிப்ட் சம்பளத்தில் ஒரே மாதத்தில் எடுத்து வைக்கிற தொகை இல்லை என்பது எனக்கும் தெரியும். சிக்கனமாகப் போக ஒரு வழி இருக்கிறது: மூன்று வகை வைரஸுக்கான ஊசி கிடைத்தால் தாராளமாக அதையே வாங்குங்கள். முன்பு நான்கு வகைக்கானது உசத்தி என்பார்கள். நான்காவதாக இருந்த பி யமகட்டா என்கிற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்குமே உறுதியாகத் தென்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அதை எடுத்துவிடலாம் என்று 2023ல் சொல்லிவிட்டது. எச்1என்1, எச்3என்2, பி விக்டோரியா, இந்த மூன்றும் இருந்தால் போதும். ஸ்வைன் ஃப்ளூவுக்குத் தனி ஊசியா என்று இன்னமும் கேட்கிறார்கள். 2009ல் பயமுறுத்திய அந்த எச்1என்1தான் இப்போது வருடாந்திர ஃப்ளூவில் ஒன்று, இதே ஊசிக்குள் இருக்கிறது.

பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்றால் நான் சொல்லும் வரிசை இது: நாத்தனார், மாமனார், சின்னவன், மாமியார். அதன்பின் பெரியவன். கடைசியில் நீங்களும் கணவரும். மாமனாரை ஏன் இவ்வளவு முன்னால் வைக்கிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. எண்ணூர், மணலி புகைக்கு நடுவில் வாழ்ந்து, அந்தப் பக்கத்துக் கம்பெனிகளிலேயே வேலையும் பார்த்த ஆண்களில் இந்த வீஸிங், நாள்பட்ட இருமல் எத்தனை பேருக்கு என்று நம் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம். ஏற்கெனவே பாதி அடைத்த மூச்சுக்குழாய்க்குள் ஃப்ளூ புகுந்தால் நெபுலைசரோடு நிற்காது. மாமியாருக்கு மூச்சு நன்றாக இருந்தாலும் சுகர் இருக்கிறது. ஃப்ளூ உறுதியான பிறகு வரும் முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வருகிற வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவில் செய்த ஆய்வு ஒன்று 2018ல் வெளியானது. சுகர், பிபி இருக்கிற வயதானவர்களுக்கு இதைச் சொன்னால் "சளிக்கு எதுக்கு ஊசி" என்கிற பேச்சு கொஞ்சம் குறையும்.

பெரியவனைப் பின்னால் தள்ளியிருக்கிறேனே தவிர அவனை விட்டுவிடச் சொல்லவில்லை. ஃப்ளூ உங்கள் வீட்டுக்குள் வருகிற வழியே பிள்ளைகள்தான். ஸ்கூல் ஆட்டோவில் ஒருத்தன் மடியில் ஒருத்தன் உட்கார்ந்து போகிறான், இறங்கியதும் நேரே தாத்தா பாயில் போய்ப் படுக்கிறான். கனடாவில் தனித்தனிக் குடியிருப்புகளாக வாழும் ஹட்டரைட் சமூகத்தில், சில குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு மட்டும் ஃப்ளூ ஊசியும் மற்றவற்றில் வேறொரு ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். 2010ல் முடிவு வந்தது. பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்ட குடியிருப்புகளில், ஊசியே போடாத மற்றவர்களுக்கும் ஃப்ளூ சுமார் 60 சதவீதம் குறைந்திருந்தது. ஹவுசிங் போர்டு பிளாட்டோ லைன் வீடோ, இரண்டு அறையில் ஏழு பேர் தூங்குகிற இடத்தில் தனிமைப்படுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் வீடு முழுக்கப் போடுங்கள் என்கிறேன். உங்கள் கணவரிடமும் இதையே சொல்லுங்கள். அவருக்குப் போடுவது அவருக்காக மட்டுமில்லை, அவர் அப்பாவுக்காகவும் தங்கை குழந்தைக்காகவும்தான். அப்படிச் சொன்னால் பெரும்பாலான ஆண்கள் சட்டைக் கையை மடித்துவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஊசி போட்ட அன்றோ மறுநாளோ கை வலி, லேசான காய்ச்சல், உடம்பு அசதி வரலாம், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அது உடம்பு வேலை செய்வதன் அடையாளம், ஃப்ளூ இல்லை. அவருக்கு வந்தது நல்ல சளி, இருமலோடு ஒரு வாரம் படுக்கவைத்த காய்ச்சல் என்றால், ஊசி வேலை செய்ய ஆரம்பிப்பதற்கு முன்பே தொற்றியிருக்கலாம், அல்லது ஃப்ளூவே இல்லாத வேறு வைரஸாக இருக்கலாம். மழைக்காலத்தில் சளி கொடுக்க ஒரு டஜன் வைரஸ் சுற்றுகிறது, இந்த ஊசி ஃப்ளூவை மட்டும்தான் தடுக்கும். அதையும் முழுசாகத் தடுக்காது. நன்றாகப் பொருந்திய வருடங்களில், டாக்டரிடம் போகும் அளவுக்கான ஃப்ளூவை 40லிருந்து 60 சதவீதம் குறைக்கும். இதை மறைத்து "போட்டா காய்ச்சலே வராது" என்று யாராவது விற்றால்தான் அடுத்த வருடம் வீடே போட மறுக்கிறது. ஊசி போட்டும் ஃப்ளூ வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் லேசாக வந்து போகும், ஆஸ்பத்திரி படுக்கை வரை போவது குறையும். மாமனார் விஷயத்தில் நமக்கு வேண்டியதே அதுதான்.

முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இப்போது இதைப் போடலாம் என்றாகிவிட்டது. முன்பு ஃப்ளூ ஊசி போட்டு மூச்சுத்திணறல், முகவீக்கம் என்று கடுமையான அலர்ஜி வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் போடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொன்னால், ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். லேசான சளிக்கு ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். நல்ல ஜுரம் இருந்தால் அது விட்ட பிறகு போகலாம். குளிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வஞ்சிரம் குழம்பும் சாப்பிடலாம், பத்தியம் ஒன்றும் கிடையாது. மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே வகையை யாராவது சொன்னால், அது உயிருள்ள வைரஸ், நாத்தனாருக்கும் மாமனாருக்கும் ஆகாது.

மருந்து வாங்குவதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பெட்டியில் எந்த சீசன் என்று அச்சடித்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்த வகைகளைப் போட வேண்டும் என்று முடிவு செய்கிறது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதாலும் போன வருட ஊசியின் பலம் மாதம் போகப்போகக் குறைவதாலும்தான் வருடாவருடம் போட வேண்டியிருக்கிறது. இந்தியாவில் இரண்டு சீசன் மருந்தும் விற்கும். பெட்டியில் ஒற்றை வருடம் இருந்தால் தென் அரைக்கோளம், இரண்டு வருடம் சேர்த்திருந்தால் வடக்கு. ஆவணியில் கையில் கிடைப்பதில் புதியது எதுவோ அதைப் போடுங்கள், அடுத்தது வரட்டும் என்று காத்திருந்து மழையில் மாட்ட வேண்டாம். போன வருடப் பெட்டியைத் தள்ளுபடியில் கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள்.

இன்னொன்று குளிர்ச்சி. இந்த மருந்து 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையிலேயே இருக்க வேண்டும். வெயில் பட்டால் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது தெரிவதில்லை. காசிமேட்டிலிருந்து ஒருவர் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஊசியை, மீனுக்குப் போடுவதைப் போல உடைத்த ஐஸுக்குள் புதைத்து, பாலிதீன் பையைக் கட்டி எடுத்து வந்தார். அவ்வளவு அக்கறை. சிரிஞ்சைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே மருந்து கட்டியாக நிற்கிறது. உருக வைத்தும் பயனில்லை, தூக்கித்தான் போட வேண்டும். கிளினிக்கே வாங்கி வைத்துப் போடுவது நல்லது, நாலைந்து பேருக்கு என்று முன்கூட்டிச் சொன்னால் வரவழைத்து வைப்பார்கள், சிலர் விலையிலும் கொஞ்சம் குறைப்பார்கள். கடையில்தான் வாங்க வேண்டும் என்றால் கிளினிக்குக்குப் பக்கத்துக் கடையாகப் பாருங்கள், ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி வையுங்கள், நேரே கொண்டுபோய்க் கொடுங்கள். மழை, புயல் நாட்களில் கரண்ட் போனால் ஃப்ரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்பதில் தவறில்லை. மிக்ஜாம் புயலில் நம் பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்று அவருக்கும் நினைவிருக்கும்.

போட்ட பிறகு பதினைந்து இருபது நிமிடம் கிளினிக்கிலேயே உட்காருங்கள். ஒரு பழைய நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, மருந்தின் பெயர், பேட்ச் எண் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் "இவனுக்கு ஒண்ணா ரெண்டா" என்ற கேள்வி வரும்போது தேட வேண்டியிருக்காது.

ஊசியெல்லாம் போட்டபின் கார்த்திகையில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், "அதான் போட்டாச்சே" என்று கஷாயத்தோடு உட்கார்ந்துவிடாதீர்கள். அதே மாதங்களில் நம் பக்கம் டெங்குவும் இருக்கும். மூக்கு ஒழுகாமல், கடுமையான தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, வாந்தி என்றால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடக் கூடாது. பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. மாமனாருக்கோ மாமியாருக்கோ நாத்தனாருக்கோ சளி, இருமலோடு ஜுரம் ஏறினால் மறுநாள் வரை பார்க்க வேண்டாம். ஃப்ளூவுக்கான ஒசல்டாமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும், அதை டாக்டர் எழுதித்தான் தர வேண்டும். மூச்சு வாங்கினால், உதடு நீலமானால், பெரியவர் பேச்சில் தடுமாறினால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டால், எந்த நேரமானாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நாத்தனார் குழந்தை ஐப்பசியில் பிறந்தால் சித்திரையில் ஆறு மாதம் முடியும். அதன் இரண்டு ஊசிகளையும் அடுத்த ஆவணிக் கணக்கில் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் உங்கள் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றுதான், அதனால் மொத்தம் இந்த வருடத்தைப் போலவே 9 வரும். மாதம் 1,500 என்று சீட்டுக் கட்டினால் ஆடிக்குள் கையில் இருக்கும்.